கடலடிக் களிமண் எவ்வளவு பாரம் தாங்கும்? மீட்ட நிலத்தில் உடனே கட்ட முடியாதது ஏன்?

துவாஸ் துறைமுகத்தின் ஒரு பகுதி இயங்குகிறது. மறுபகுதியில் கட்டுமானம் இன்னும் நடக்கிறது. சாங்கியில் 5ஆம் முனையத்துக்கான பணிகள் 2025 மே மாதம் அதிகாரபூர்வமாகத் தொடங்கின. ஈஸ்ட் கோஸ்ட் கடலோரத்தில் ஏறக்குறைய 800 ஹெக்டர் பரப்பளவில் உருவாகவிருக்கும் 'லாங் ஐலண்ட்' திட்டத்துக்குத் தொழில்நுட்ப ஆய்வுகள் நடக்கின்றன. அந்த ஆய்வுக்கு மட்டும் ஐந்தாண்டு.

மூன்று திட்டங்களுக்கும் பொதுவான அம்சம், அவை கடலிலிருந்து மீட்கப்பட்ட அல்லது மீட்கப்படவிருக்கும் நிலத்தில் அமைகின்றன என்பது.

"மண்ணைக் கொட்டியாச்சு, நிலமும் தெரியுது. அப்புறம் ஏன் பல வருஷம் சும்மா போட்டு வெச்சிருக்காங்க?" சாங்கி கடலோரப் பாதையில் சைக்கிள் ஓட்டியவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அப்படி இறங்கட்டும் என்றுதான் விட்டுவைத்திருந்தார்கள்.

கடலடியில் எதைக் கட்டினாலும் பொறியாளர்கள் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கீழே இருக்கும் மண் இந்தப் பாரத்தைத் தாங்குமா, இல்லை உடைந்து நழுவிவிடுமா? அது தாங்குதிறன். தாங்கினாலும், வருங்காலத்தில் எவ்வளவு கீழே போகும்? அது அமிழ்வு. கேட்பதற்கு ஒரே கேள்வி மாதிரி இருக்கும். உண்மையில் இரண்டும் வேறு. முதலாவது மணிக்கணக்கில் நடந்து முடிந்துவிடக்கூடிய விபத்து. இரண்டாவது தலைமுறைக் கணக்கில் நடக்கும் சங்கதி.

<b>சிங்கப்பூரின் அடியில் என்ன இருக்கிறது?</b>

நமது கடலோரங்களின் அடியில் பெரும்பாலும் இருப்பது கடல் களிமண். சாம்பல் நிறத்தில், பிசுபிசுவென்று, வெண்ணெய்போல் மென்மையாக இருக்கும். சில இடங்களில் அதன் ஆழம் 40 மீட்டருக்கும் அதிகம். அதாவது பத்து மாடிக்கு மேற்பட்ட வீவக கட்டடத்தை அப்படியே உள்ளே புதைத்துவிடலாம்.

அந்தக் களிமண்ணுக்கு ஒரு கதை உண்டு. அது ஒரே அடுக்கு அல்ல. கீழே ஒரு பழைய அடுக்கு. அது 100,000 ஆண்டுகளுக்கும் முன்னர், கடல்மட்டம் உயர்ந்திருந்த காலத்தில் படிந்தது. பிறகு பனியுகம் வந்தது. கடல் சுமார் 120 மீட்டர் வரை கீழிறங்கியது. சிங்கப்பூர், மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாமே ஒரே நிலப்பரப்பாக இருந்தன. அப்போது வெளியே தெரிந்த பழைய களிமண்ணின் மேற்பரப்பு வெயிலில் காய்ந்து கெட்டியானது. பனியுகம் முடிந்து கடல் திரும்பி வந்தபோது அதன்மேல் புதிய களிமண் படிந்தது.

ஆக மேலே மென்மை, நடுவில் கெட்டியான மெல்லிய அடுக்கு, கீழே மறுபடியும் மென்மை. இந்த நடு அடுக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் துரப்பண மேடைகளைப் பற்றிப் பேசும்போது அது மறுபடி வரும்.

<b>ஒரு சின்னக் கணக்கு</b>

துவாஸ் துறைமுகத்தின் கப்பல் நிற்கும் சுவர், 'கெய்சன்' எனப்படும் ராட்சதக் கான்கிரீட் பெட்டிகளால் ஆனது. முதல் கட்டத்துக்கு மட்டும் 220க்கும் மேற்பட்ட பெட்டிகள். ஒவ்வொன்றும் 28 மீட்டர் உயரம்; எடை 15,000 டன்.

இவ்வளவு கனமான பெட்டியை எப்படிக் கடலுக்குள் கொண்டுபோகிறார்கள்? மிதக்கவிட்டுத்தான். உள்ளே வெற்றிடம் என்பதால் அது கப்பல்போல் மிதக்கும். இழுவைப் படகுகள் அதை உரிய இடத்துக்கு இழுத்துச் செல்லும். பிறகு உள்ளே நீரை விட்டு மெதுவாக மூழ்கடித்து, கடைசியில் மணல் போன்றவற்றை நிரப்புவார்கள்.

இப்போது கணக்குக்காக ஒரு பெட்டியின் அடிப்பரப்பு 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணல் நிரப்பிய பின் மொத்த எடை 50,000 டன்னைத் தாண்டும். கடல்நீர் கொடுக்கும் மிதப்பு விசையாக ஏறத்தாழ 20,000 டன்னைக் கழித்துவிடலாம். மிச்சம் 30,000 டன்னுக்கு மேல். சதுர மீட்டருக்கு 30 டன்னுக்கும் அதிகம்.

களிமண் பக்கம் வருவோம். மென்மையான கடல் களிமண்ணின் வலிமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் என்று எடுத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பு தாங்கக்கூடிய உச்சப் பாரம் அதைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். அதாவது 10 டன். அதுவும் உடையும் எல்லை. பாதுகாப்புக்காக அதில் பாதியையோ மூன்றில் ஒரு பங்கையோதான் பயன்படுத்துவார்கள்.

30க்கு எதிராக 10. பெட்டியை நேராக அந்தக் களிமண்ணின் மேல் வைத்தால் களிமண் பக்கவாட்டில் பிதுங்கி மேலே எழும்பும், பெட்டி சாயும். ஈரமான சேற்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டியின் பின்னால் கொட்டப்படும் மண் அதைக் கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் பாரம் அடிப்பரப்பு முழுவதும் ஒரே சீராக இறங்காது. கடலைப் பார்த்த விளிம்பில் அழுத்தம் சராசரியைவிட அதிகமாக இருக்கும். சராசரிக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

அதனால்தான் இத்தகைய சுவர்களைக் கட்டும்போது, அடியில் இருக்கும் மென்மையான களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் மணலும் கல்லும் நிரப்பி, அழுத்தி, சமன்செய்து, அதன்மேல் பெட்டியை வைக்கிறார்கள். கடலடியில் முதலில் ஒரு 'மெத்தை' தயாராகிறது என்று சொல்லலாம். கல்லால் ஆன மெத்தை.

<b>மெதுவாகக் கொட்டினால் மண் பலமாகும்</b>

சுவருக்கு அடியில் களிமண்ணைத் தோண்டி எடுக்கலாம். நூற்றுக்கணக்கான ஹெக்டர் நிலத்துக்கு அடியில் இருப்பதையெல்லாம் எடுக்க முடியுமா? முடியாது. செலவும் கட்டுப்படியாகாது, எடுத்த களிமண்ணை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் வரும். அதனால் அதை அங்கேயே விட்டுவிட்டு, அதன் குணத்தை மாற்றுகிறார்கள்.

நீரில் ஊறிய பஞ்சை நினைத்துப் பாருங்கள். அழுத்தினால் நீர் வெளியேறும், பஞ்சு சுருங்கும். களிமண்ணும் அப்படித்தான். ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை. நீர் வெளியே வர வெகுகாலம் பிடிக்கும். மேலே மண்ணைக் கொட்டியவுடன் அந்தப் பாரத்தை முதலில் சுமப்பது களிமண் துகள்கள் அல்ல, அவற்றுக்கு நடுவே சிக்கிய நீர். நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேற வெளியேறத்தான் பாரம் துகள்களுக்கு மாறுகிறது. துகள்கள் நெருங்குகின்றன. நிலம் இறங்குகிறது. களிமண் பலமாகிறது.

இதைக் கணிதமாக எழுதிக் காட்டியவர் கார்ல் டெர்சாகி. 1925இல் வெளிவந்த அவரது நூல்தான் நவீன மண் பொறியியலின் தொடக்கம் என்று கருதப்படுகிறது.

இதில் என்னைக் கவர்ந்த விஷயம், ஆபத்தும் அமிழ்வும் எதிரெதிர்த் திசையில் நகர்வது. களிமண்ணின் மேல் பாரம் ஏற்றிய முதல் நாளில்தான் அது உடைய அதிக வாய்ப்பு உண்டு. அப்போது அதன் வலிமை குறைவு. நாள் போகப் போக வலிமை கூடும், உடையும் ஆபத்து குறையும். ஆனால் அதே நாள்களில்தான் நிலம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே மண்ணைக் கட்டம் கட்டமாகக் கொட்டுகிறார்கள். முதல் அடுக்கைக் கொட்டி, காத்திருந்து, களிமண் சற்றுப் பலம் பெற்ற பிறகு அடுத்த அடுக்கு. அவசரப்பட்டால் மொத்தமும் சரியும்.

சரி, எவ்வளவு காலம் காத்திருப்பது? 20 மீட்டர் தடிமனான களிமண், மேலும் கீழும் நீர் வெளியேற வழியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் நீர் 10 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். நம் ஊர்க் கடல் களிமண்ணின் வேகத்துக்கு, 90 விழுக்காட்டு அமிழ்வு முடியவே 80 ஆண்டுக்கு மேல் ஆகலாம். யாராலும் காத்திருக்க முடியாது.

இங்கேதான் ஒரு எளிமையான வித்தை. நீர் வெளியேறும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரத்தைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசி. பத்தில் ஒரு பங்காக்கினால் நூற்றில் ஒரு பங்கு. அதனால் களிமண்ணுக்குள் செங்குத்தாக, சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளியில், பிளாஸ்டிக் வடிகால் பட்டைகளை இறக்குகிறார்கள். ஒரு கைப்பிடி அகலம், சில மில்லிமீட்டர் தடிமன். அவ்வளவுதான். நீர் இப்போது 10 மீட்டர் மேலே ஏற வேண்டாம். பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கும் குறைவாக நகர்ந்தால் பட்டை கிடைத்துவிடும். பிறகு அதன் வழியே மேலே வந்துவிடும். 80 ஆண்டுக் காத்திருப்பு ஓரிரண்டு ஆண்டாகச் சுருங்குகிறது.

கூடவே முன்சுமை. வருங்காலத்தில் வரப்போகும் கட்டடம், ஓடுபாதை, கொள்கலன் இவற்றைவிட அதிக எடை தரும் அளவுக்கு மணலை முன்கூட்டியே குவித்து வைப்பார்கள். நிலம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கிய பிறகு அந்த மணலை எடுத்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார்கள். சாங்கியின் கிழக்குப் பகுதியில் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் நடந்த பெரும் நிலமீட்பில் இந்த முறைதான் பெருமளவு பயன்பட்டது. தடித்த களிமண் உள்ள இடங்களில் நிலம் ஒன்றிரண்டு மீட்டர் இறங்குவது இதில் சாதாரணம். சைக்கிளில் போகிறவர்கள் வேலிக்கு அப்பால் பார்த்த மணல் மேடுகள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன.

<b>எல்லாம் தெரிந்தும் ஜப்பானில் என்ன ஆனது?</b>

ஒசாகா விரிகுடாவில் உள்ள கன்சாய் விமான நிலையம் 1994 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கடல் நடுவே, சராசரியாக 18 மீட்டர் ஆழ நீரில் கட்டப்பட்ட தீவு அது. அங்கேயும் மேல்மட்டக் களிமண் சுமார் 20 மீட்டர். பொறியாளர்கள் அதில் ஏறக்குறைய ஒரு மில்லியன் மணல் வடிகால்களை இறக்கினார்கள். அந்தப் பகுதி திட்டமிட்டபடி விரைவாக இறங்கி முடிந்தது.

பிரச்சினை அதற்குக் கீழே. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குக் களிமண்ணும் மணலும் மாறி மாறி இருந்தன. அந்த ஆழத்துக்கு வடிகால் இறக்க முடியாது. மேலே கொட்டப்பட்ட மண்ணின் பாரம் அவ்வளவு பிரம்மாண்டம் என்பதால் அந்த ஆழ்ந்த அடுக்குகளும் சுருங்கத் தொடங்கின. எதிர்பார்த்ததைவிட அதிகமாக.

கட்டுமானம் தொடங்கியதிலிருந்து முதல் தீவு சராசரியாக 13 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. 2007இல் ஓடுபாதை திறக்கப்பட்ட இரண்டாம் தீவு 17 மீட்டருக்கு மேல். திறப்பு விழா ஆண்டில் முதல் தீவு ஆண்டுக்கு சுமார் 50 சென்டிமீட்டர் இறங்கியது. இப்போது அது 6 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கிறது. குறைந்ததே தவிர நிற்கவில்லை.

இவ்வளவு இறங்கியும் முனையக் கட்டடம் விரிசல் விட்டு விழவில்லை. காரணம், இறங்கும் என்று தெரிந்தே கட்டினார்கள். கட்டடத்தின் சுமார் 900 தூண்களின் அடியில் ஹைட்ராலிக் ஜாக்கி பொருத்தி உயர்த்தி, இடையில் எஃகுத் தகடுகளைச் செருகிச் சமன்செய்ய வழி வைத்தார்கள். ஏனென்றால் கட்டடத்துக்கு எதிரி அமிழ்வு அல்ல, சீரற்ற அமிழ்வு. எல்லாத் தூணும் ஒரு மீட்டர் இறங்கினால் பாதிப்பு குறைவு. ஒரு தூண் இறங்கி, பக்கத்துத் தூண் இறங்காமல் இருந்தால் சுவர் கிழியும்.

துறைமுகத்திலும் இதே கதைதான். கரையோரப் பாரந்தூக்கிகள் தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஒரு தண்டவாளம் மற்றதைவிடத் தாழ்ந்தால் பாரந்தூக்கி சாய்வாக ஓடும், தேயும், நின்றுபோகும். ஓட்டுநரில்லா வாகனங்களை நம்பி இயங்கும் துவாஸ் போன்ற துறைமுகத்தில் தரை சமமாக இருப்பது இன்னும் முக்கியம்.

கன்சாயின் உண்மையான சோதனை 2018 செப்டம்பர் 4ஆம் தேதி வந்தது. ஜெபி சூறாவளியின்போது அலைகள் தடுப்புச் சுவரைத் தாண்டி ஓடுபாதையை மூழ்கடித்தன. ஒரு எண்ணெய்க் கப்பல் பாலத்தில் மோதியது. ஆயிரக்கணக்கானோர் தீவில் சிக்கிக்கொண்டனர். அமிழ்வு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சூறாவளி மிகக் கடுமையானது. ஆனால் தீவு இறங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கடலுக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியிலிருந்து கழிகிறது. அதன் பிறகு சுவர்களை மீண்டும் உயர்த்தினார்கள்.

சிங்கப்பூருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. இங்கே சூறாவளி இல்லை, சரி. ஆனால் வெப்பவாயு வெளியேற்றம் அதிகமாக இருக்கும் சூழலில், நூற்றாண்டின் முடிவுக்குள் சிங்கப்பூரைச் சுற்றிய சராசரிக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024 தொடக்கத்தில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு கூறியது. 'லாங் ஐலண்ட்' வெறும் வீட்டு மனைக்காக அல்ல. ஈஸ்ட் கோஸ்ட்டைக் கடலிலிருந்து காக்கும் அரணும் அதுதான். அரண் அரை மீட்டர் இறங்கினால் பாதுகாப்பில் அரை மீட்டர் போயிற்று. எனவே ஐந்தாண்டு ஆய்வு நீளமா என்று கேட்டால், என் கணிப்பில் இல்லை. கன்சாய் சொல்வது, மேல் அடுக்கை மட்டும் சரியாகக் கணித்தால் போதாது என்பதுதான்.

தெக்கோங் தீவில் சிங்கப்பூர் வேறு வழியை முயன்றது. அங்கே 10 கிலோமீட்டர் கரை எழுப்பி, உள்ளே கடல்மட்டத்துக்குக் கீழேயே 800 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலத்தை உருவாக்கினார்கள். நீரை வடிகால்களும் பம்புகளும் வெளியேற்றும். மணல் மிச்சம் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். அண்டை நாடுகள் வெவ்வேறு காலங்களில் மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்த நிலையில் அது பெரிய விஷயம். அதிகம் பேசப்படாத இன்னொன்று: மணல் குறைந்தால் களிமண்ணின் மேல் பாரமும் குறையும். ஆனால் கரைக்கு அடியில் உள்ள மண்ணைப் பற்றிய கணக்கில் பிழைக்கு இடமே இல்லாமல் போகும்.

<b>துளைத்துக்கொண்டு போகும் கால்</b>

இப்போது அந்த நடு அடுக்குக்கு வருவோம். இவ்வட்டாரத்தின் பழைய நிலப்பரப்பு இன்று தென்சீனக் கடலுக்கும் ஜாவா கடலுக்கும் அடியில் இருக்கிறது. காய்ந்து கெட்டியான மேலோடு அங்கேயும் பல இடங்களில் உண்டு.

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகள் பல ஆண்டுகளாகக் கட்டிப் பெயர் வாங்கிய 'ஜாக்-அப்' துரப்பண மேடைகள் பொதுவாக மூன்று கால்களில் நிற்பவை. ஒவ்வொரு காலின் அடியிலும் 'ஸ்பட்கேன்' எனப்படும் அகன்ற பாதம். மேடை வந்து சேர்ந்ததும் கால்களை இறக்கி, தொட்டிகளில் கடல்நீரை ஏற்றி, புயலில் வரக்கூடிய பாரத்தை முன்கூட்டியே கொடுத்துச் சோதிப்பார்கள்.

கெட்டி அடுக்கின் மேல் பாதம் நிற்கும். எல்லாம் சரி மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் நீர் ஏற்றினால் அடுக்கு உடைந்து, பாதம் கீழே உள்ள மென்மையான களிமண்ணுக்குள் சில மீட்டர் சட்டென்று இறங்கிவிடும். மற்ற இரு கால்கள் அங்கேயே நிற்கும். மேடை சாயும், கால்கள் வளையும். பொறியாளர்கள் இதைத் துளைத்து இறங்குதல் என்கிறார்கள். தென்கிழக்காசியக் கடல்களில் இது நன்கு அறியப்பட்ட ஆபத்து. பொதுவாக, ஆழம் போகப் போக மண் பலமாகும் என்று நினைப்போம். இங்கே அது தலைகீழ்.

கூம்பு வடிவக் கருவியை மெதுவாக மண்ணுக்குள் தள்ளி, எதிர்ப்பை மில்லிமீட்டர் கணக்கில் பதிவுசெய்தால் இந்த அடுக்கு தெரிந்துவிடும். ஒவ்வொரு காலின் இடத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். செலவைப் பார்த்து ஓரிடத்தில் மட்டும் சோதித்துவிட்டு மற்ற இரண்டும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது, இந்தத் துறையில் யாரும் ஏற்காத சிக்கனம்.

சாபா கரைக்கு அப்பால் மலேசியாவின் முதல் ஆழ்கடல் எண்ணெய் வயலான கிக்கே, 2007இல் உற்பத்தியைத் தொடங்கியது. கடல் ஆழம் 1,300 மீட்டருக்கு மேல். அத்தகைய ஆழத்தில் காலூன்றி நிற்கும் மேடை சாத்தியமில்லை. மேடை மிதக்கும், நங்கூரம் கடலடியைப் பிடித்துக்கொள்ளும். அங்கே பாரம் தாங்குவதைவிட, மேலே இழுக்கும்போது மண் விடாமல் பிடிக்குமா என்பதே கேள்வி. அது தனிக் கதை.

<b>கணக்கு தவறினால்</b>

களிமண்ணின் வலிமையை அதிகமாக மதிப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் ஜப்பான் போக வேண்டாம். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி, வட்டப்பாதை ரயில் தடத்துக்காகத் தோண்டப்பட்ட ஆழ்குழி சரிந்து நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி விழுந்தது. நால்வர் உயிரிழந்தனர். அந்த இடமும் கடலிலிருந்து மீட்கப்பட்டது. அடியில் அதே கடல் களிமண். எஃகுத் தாங்கிகளின் இணைப்பு வடிவமைப்பில் இருந்த பிழையோடு, களிமண்ணின் வலிமையை மிகையாகக் காட்டிய கணினிக் கணக்கும் விசாரணையில் வெளிவந்தது. சரிவுக்கு முன்பே அளவீட்டுக் கருவிகள் எச்சரிக்கை காட்டியிருந்தன.

அதனால்தான் இன்றைய நிலமீட்புத் தளங்களில் அளவீடு பெரிய வேலை. எவ்வளவு இறங்கியது என்று காட்டும் தகடுகள், களிமண்ணுக்குள் நீரழுத்தம் குறைகிறதா என்று பார்க்கும் கருவிகள் எனப் பலவும் புதைக்கப்படுகின்றன. நீரழுத்தம் குறையவில்லை என்றால், மேலே நிலம் எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

துவாஸில் இன்னொரு அம்சம். முதல் கட்ட நிலமீட்பில் பாதிக்கு மேல், கடலடியிலிருந்தும் கட்டுமானத் தளங்களிலிருந்தும் தோண்டிய மண்ணே மறுபயன்பாடு கண்டது. மணல் இறக்குமதி குறைந்தது நல்லதுதான். ஆனால் அப்படிப்பட்ட மண்ணிலும் களிமண் கலந்திருக்கும். நிரப்பிய மண்ணே இறங்கும். மணலில் மிச்சம் பிடித்ததன் ஒரு பகுதியைக் காத்திருப்பில் செலவிட வேண்டியிருக்கும்.

துவாஸ் துறைமுகம் 2040களில் முழுமைபெறும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளும் திறன் பெற்றிருக்கும். சாங்கியின் 5ஆம் முனையம் 2030களின் நடுப்பகுதியில் திறக்கப்படும். 'லாங் ஐலண்ட்' நிலமீட்பு அதையும் தாண்டிப் பல பத்தாண்டுகள் நீடிக்கும். இப்போது மரின் பரேட்டில் பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அங்கே வீடு வாங்கும் வயதுக்கு வரும்போதும், சில பகுதிகளில் மணல் மேடுகள் நின்றுகொண்டுதான் இருக்கும்.